வேலை நேரத்தை மாற்றும்பொழுது
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேசுதற்கு அறிஞர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். நான் இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன். ஆதலின், நம் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு முறையீட்டைப் பற்றியே பேச விழைகின்றேன். நாளை முதல் வேலை நேரம் மாற்றப்படுகிறது என்று ஒரு வரி அறிவிப்புப் பலகையில் தோன்றும். வேலை செய்வோரை ஒருவரும் கலந்திருக்கமாட்டார்.

அரைமணி நேரந்தானே என்பர் முதலாளிமார். நாகர்கோவிலிலிருந்து நாள்தோறும் சீசன் டிக்கெட்டில் இந்நகருக்கு வந்து போவோரை எண்ணிப் பாருங்கள். மாலையில் அரைமணி கூடினால் வழக்கமான வண்டி போய்விடும். பிறகு வீடு சேர்வதற்குள் பிள்ளைகள் உறங்கிவிடுவர். வேலைக்குச் செல்லும் தாய்மார் படும் பாட்டை நான் சொல்லத் தேவையில்லை.

1918-ஆம் ஆண்டில் சென்னைப் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரை ஒன்றுசேர்த்ததும் இத்தகைய ‘சிறிய’ குறைதான். நண்பகல் உணவுக்கு அரைமணியே கிடைத்தது. கைகழுவி, வரிசையில் நின்று, உண்டு திரும்புவதற்கு அது போதவில்லை. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயன்று பி. பி. வாடியாவை அழைத்துவர, அவ்வாண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு. வி. க. அதற்குத் துணைநின்றார்.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 2023 ஏப்ரல் 21-இல், நாளொன்றுக்குப் 12 மணி வேலைக்கு இடந்தரும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. வார வேலை 48 மணிக்கு மிகாது, நான்கு நாளில் முடித்து மூன்று நாள் ஓய்வு கொள்ளலாம் என்று அரசு விளக்கியது. அவ்விளக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் கூறேன். ஆனால் தங்களைக் கலக்கவில்லை என்று தொழிற்சங்கங்கள் கொதித்தன. தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. 24-ஆம் நாள் சங்கங்களோடு பேசியபின் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று, அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். பின்னர் நடந்த பேச்சை முன்னரே நடத்தியிருக்கலாகாதா?

இனிச் சட்டம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1956-இல் 9-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. வேலை நேரத்தையோ ஓய்வு இடைவேளையையோ மாற்ற விரும்பும் முதலாளி முன்னறிவிப்புத் தரவேண்டும். தந்து 21 நாள் கழியுமுன் மாற்றலாகாது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பின் 40-ஆம் பிரிவும் அதையே கூறுகின்றது. (எங்களைப்போன்ற இரயில்வே ஊழியர்க்கு இப்பிரிவு பொருந்தாது; எங்களுக்குத் தனி விதிகள்.) முதலாளி தொழிலாளியின் இசைவைப் பெறவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் அந்த 21 நாள் பெரிது. அதற்குள் சமரச அதிகாரியின் முன் வழக்குத் தொடங்கிவிட்டால், அது முடியும்வரை அப்பொருளில் தொழிலாளர்க்குப் பாதகமாக மாற்றம் செய்யலாகாது.

ஆகவே, அறிவிப்பைக் கண்டவுடன் சினந்து வேலைக்குச் செல்லாமல் நின்றுவிடாதீர்கள். அது உங்கள்மீதே குற்றமாகத் திரும்பும். அறிவிப்பின் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நேரப்பட்டியலின் நகல் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். தனியாகச் செல்லாமல் உடன் வேலை செய்வோரும் கையொப்பமிட்ட மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்பம் வாங்குங்கள். மனுவில் வசை வேண்டா. எந்த வண்டி தவறுகிறது, எத்தனை பேருக்குத் தவறுகிறது, எந்த நேரம் ஒத்துவரும் என்று எழுதினால் போதும். நிர்வாகத்தினர் பலரும் அவ்விவரம் தெரியாமலே உத்தரவிடுகின்றனர் என்பது என் அனுபவம். அதற்கும் செவிசாயாவிடில் தொழிலாளர் துறை அலுவலகத்தை நாடலாம்.

மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ மனு எழுதத் தயங்குவோர் ஞாயிறு காலையில் நம் சங்க நூலகத்திற்கு வாருங்கள். நானும் நண்பர் இருவரும் அங்கிருப்போம். அறிவிப்பின் நகலை மறவாது கொண்டுவாருங்கள்.