தாதியின் அனுபவம் கணினித் துறைக்கும் தேவை



பல்லாண்டுகள் வைத்தியசாலையில் பணிபுரிந்த தாதி ஒருவர் கணினித் துறைக்கு மாற விரும்பினால், "படித்த படிப்பு வீணாகிறதே" என்று புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் கவலைப்படுகின்றன. அப்படிப்பு வீணாவதில்லை. நோயாளரின் பதிவேடு இன்று பெரும்பாலும் கணினியிலேயே பேணப்படுகின்றது. 1987இல் தோன்றிய எச்.எல்.7 அமைப்பின் தரநிலைகளே பல நாடுகளில் மருத்துவத் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்ல உதவுகின்றன. திரையில் மைக்கிரோகிராம் என்பது மில்லிகிராம் என மாறிவிட்டால், மருந்தின் அளவு 1000 மடங்காகிவிடும். நிரலாளர் கவனிக்கத் தவறும் அப்பிழை, மருந்து கொடுத்துப் பழகிய தாதியின் கண்ணுக்குத் தப்பாது.

அவர் புதிதாகக் கற்க வேண்டியவை தரவுத்தள மொழியான எஸ்.கியூ.எல்., மென்பொருள் சோதனை போன்றவை. அவற்றைக் கற்கத் தடையாக நிற்பது அறிவுக் குறைவன்று, நேரமின்மையே. இரவுப்பணி முடித்து வருபவரின் பிள்ளைகளை வகுப்பு நேரத்தில் உறவினர் பார்த்துக்கொள்ளலாம். கணினி கற்ற இளையோர் வார இறுதியில் கற்பிக்கலாம். துறையில் உள்ளோர் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி அளிக்கலாம்.

மாறுவோரும் ஒன்றை மறத்தல் ஆகாது: புதிய வேலை உறுதியாகும்வரை தாதியர் பதிவைக் காலாவதியாக விடக்கூடாது.

ஊர் கூடினால் தேர் நகரும்.