பட்டணத்துக்குப் பக்கத்து ஊர்

(செங்கல்பட்டில் கூடிய கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பெரிய பட்டணத்துக்குப் பக்கத்திலுள்ள சிறிய ஊரில் குடியிருப்பதால் உண்டாகும் சாதக பாதகங்களைப் பற்றிப் பேச வேண்டுமென்று தோழர்கள் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். இது வீட்டுத் தரகன் பேச வேண்டிய சங்கதியல்லவா, சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். இந்த நாட்டில் மனிதன் எங்கே குடியிருக்கிறான், யாருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான், யாரை எந்தத் தெருவுக்குள் குடியிருக்க விடுவதில்லை என்பவைதான் ஜாதியின் முக்கால் பங்கு. ஆகையால் இது நம்முடைய விஷயந்தான்.

முதலில் சௌகரியங்களைச் சொல்லிவிடுகிறேன். வாடகை குறைவு. காற்றோட்டம் உண்டு. ரயிலில் வந்தால் ஜன்னல் வழியே கொளவாய் ஏரி தெரிகிறது. சென்னையில் அவ்வளவு தண்ணீரைச் சேர்ந்தாற்போல் பார்க்க வேண்டுமானால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். 1965 முதல் இங்கே மருத்துவக் கல்லூரியும் அதற்குரிய ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. 2019-ல் தனி மாவட்டத்துக்குத் தலைநகராகவும் ஆகிவிட்டீர்கள். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் திறந்தபோது பட்டணத்து ஜனங்கள், "இவ்வளவு தூரம் போய் எப்படித் தென்னாட்டுப் பஸ் ஏறுவது?" என்று அங்கலாய்த்தார்கள். இத்தனை காலம் நீங்கள் கோயம்பேட்டுக்கு எவ்வளவு தூரம் போனீர்கள் என்று அவர்களில் யாராவது ஒரு நாளாவது விசாரித்தார்களா? போகட்டும்.

இனி அசௌகரியத்துக்கு வருவோம். செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் சுமார் 60 கிலோமீட்டர். மின்சார ரயிலில் போகவும் வரவும், நிலையத்தில் காத்திருக்கவும் சேர்ந்து நாளொன்றுக்கு 4 மணி நேரம் என்று வையுங்கள். வருஷத்தில் 300 நாள் வேலைக்குப் போகிறவனுக்கு 1,200 மணி நேரம். அதாவது இரவு பகலாக 50 முழு நாள். 30 வருஷ உத்தியோகத்தில் 1,500 நாள். நாலு வருஷத்துக்கு மேல் ஒருவன் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்தோ, பெரும்பாலும் நின்று கொண்டோ கழித்திருக்கிறான். குறைந்த வாடகை என்று நீங்கள் நினைப்பது இதுதான். வீட்டுக்காரனுக்குக் கொடுக்காத பணத்தை உங்கள் ஆயுளிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

இந்த ரயில் ஒரு பெரிய பகுத்தறிவுப் பிரசாரகன் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம் என்று பஞ்சாங்கம் சொல்கிறது. அந்த நேரத்தில் செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள்கோயில், கூடுவாஞ்சேரி நிலையங்களில் நின்று பாருங்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசினவர், நாமம் போட்டவர், கையில் ஏழு நிறத்தில் கயிறு கட்டினவர் எல்லோரும் முண்டியடித்துக் கொண்டு ஏறுகிறார்கள். ராகு என்ன செய்தான்? ஒருவனாவது ராகு காலம் கழியட்டும் என்று நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறானா? ஒன்பது மணிக்குள் மேஜைக்கு முன் இல்லாவிட்டால் சம்பளம் பிடிப்பார்கள் என்ற உண்மைக்கு முன்னால் ராகு வாலைச் சுருட்டிக் கொள்கிறான். ஆனால் அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வீட்டு வாடகைக்கு முன்பணம் கொடுக்க வேண்டுமென்றால், "நாலரை முதல் ஆறு ஆகாது" என்கிறார். வாரத்தில் ஆறு நாள் இல்லாத ராகு ஏழாவது நாள் எங்கிருந்து வந்தான்?

தாய்மார்களின் கஷ்டத்தை இன்னும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஆண் பிள்ளை ஆறரை மணி ரயிலுக்கு ஆறு மணிக்கு எழுந்தால் போதும். வேலைக்குப் போகும் பெண் பிள்ளை அதே ரயிலுக்கு நாலு மணிக்கு எழுந்திருக்கிறாள். சமையல் முடித்து, பிள்ளைகளுக்கு டப்பா கட்டி, மாமியாருக்கு மத்தியானச் சோற்றை மூடி வைத்துவிட்டு ஓடுகிறாள். இரவு எட்டரைக்குத் திரும்பினால் அடுப்பு அவளுக்காகவே அணைந்து கிடக்கிறது. புருஷன் ரயிலில் தூங்கிக் கொண்டு வருகிறான். பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தவள் மறுநாளைக்குக் கீரை ஆய்ந்து கொண்டு வருகிறாள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஏற்பட்டது, நல்ல காரியம். ஆனால் சர்க்கார் டிக்கெட்டைத்தான் இலவசமாக்க முடியும். அம்மிக்குப் பதில் மிக்ஸி வந்த பிறகும் அதைத் திருகும் கை மாறவில்லையே! தூரத்து ஊரில் குடியிருப்பதென்று முடிவு செய்தவன் பெரும்பாலும் புருஷன். நாளுக்கு இரண்டு மணி நேரத் தூக்கத்தை அதற்கு விலையாகக் கொடுப்பவள் மனைவி. இங்கே வந்திருக்கும் ஆண் தோழர்கள் நாளைக் காலையில் நாலு மணிக்கு எழுந்து ஒரு வாரம் சமைத்துப் பார்க்கட்டும். பிறகு வாடகை மலிவைப் பற்றி நாம் பேசலாம்.

அடுத்தது ஜாதி. டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமத்தைப் புகழ்ந்தவர்களைக் கண்டித்து, அது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்பு வெறியும் குடியிருக்கும் இடம் என்று சொன்னார். பெரியாரும் கிராமம், பட்டணம் என்ற பேதமே வருணாசிரமத்தைப் போன்றது, அது ஒழிய வேண்டும் என்று பேசினார். பட்டணத்தில் ஒருவன் பெயரைக் கேட்டால் பெயரோடு நிற்கும். இம்மாதிரி ஊரில், "எந்தத் தெரு?" என்பது அடுத்த கேள்வி. தெருவைச் சொன்னால் ஜாதி தெரிந்துவிடும். தெருவைச் சொல்லத் தயங்கினால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும்! ஆனால் பட்டணத்தைப் பற்றி நாம் ஏமாந்துவிடவும் கூடாது. அங்கே "சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும்" என்று பலகை தொங்குகிறது. அது நாக்கைப் பற்றிய நிபந்தனையா, பிறப்பைப் பற்றிய நிபந்தனையா என்பது போட்டவனுக்கும் தெரியும், படிப்பவனுக்கும் தெரியும்.

இருந்தாலும் பட்டணம் ஒரு மணி, இரண்டு மணி தூரத்தில் இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. ஜாதி விட்டு ஜாதி கலியாணம் செய்து கொள்ள நினைக்கும் பிள்ளைகளுக்கு ஓடிப் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. புரோகிதனில்லாத சுயமரியாதைத் திருமணம் 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இயற்றிய சட்டத்தால் செல்லுபடியாயிற்று. அதற்குப் பெரிய கூட்டமோ பகிரங்க அறிவிப்போ தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஊரறிய அறிவிக்க வேண்டும் என்றால் உயிருக்கே ஆபத்து வரும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் பிள்ளைகள் ஏறிய ரயிலுக்கு அடுத்த ரயிலில் மாமனும் சித்தப்பனும் ஏறலாம் அல்லவா? பக்கத்துப் பட்டணம் அடைக்கலமாக இருக்கும் தூரமும், துரத்திப் பிடிக்கும் தூரமும் ஒன்றுதான். ஆகவே அப்படிப்பட்ட பிள்ளைகளை ரயிலேற்றிவிட்டதோடு நம் கடமை தீர்ந்ததென்று இந்த ஊர்த் தோழர்கள் நினைக்கக் கூடாது. அவர்கள் திரும்பி வந்து இதே ஊரில், இதே தெருவில் வாழும்படி செய்ய வேண்டும்.

சிறிய ஊரால் அது ஆகுமா என்று கேட்கலாம். முதல் மாகாண சுயமரியாதை மாநாடு 1929 பிப்ரவரியில் எங்கே கூடிற்று? இந்தச் செங்கல்பட்டில். சௌந்தரபாண்டியன் தலைமை வகித்தார். ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும், பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்றெல்லாம் தீர்மானித்தார்கள். அந்தச் சொத்துரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரையில், 60 வருஷம் ஆயிற்று. அதற்கு முன் 1925-ல் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடங்கொடாததால் பெரியார் காங்கிரஸ் மாநாட்டை விட்டு வெளியேறியது காஞ்சிபுரத்தில். அண்ணா பட்டணத்துப் பச்சையப்பன் கல்லூரியில் படித்தார். ஆனால் 1942-ல் 'திராவிட நாடு' பத்திரிகையைக் காஞ்சிபுரத்திலிருந்து நடத்தினார். என் அபிப்பிராயம் என்னவென்றால், பட்டணத்தில் ஒரே நாளில் பத்துக் கூட்டம் நடக்கும். பதினோராவதாக நம் கூட்டம் நடந்தால் யார் கவனிப்பார்கள்? இந்த ஊரில் நாம் ஒரு கூட்டம் போட்டால், வராதவனும் மறுநாள் டீக்கடையில் நம்மைத் திட்டுவதற்காகவாவது என்ன பேசினோம் என்று விசாரிக்கிறான்.

கடைசியாக நிலம். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது; இந்தப் பக்கத்து ஊர்களையும் சேர்த்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிப்பதற்கு 2022-ல் உத்தரவாயிற்று. இனி நீங்கள் பட்டணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. பட்டணமே உங்களைத் தேடி வருகிறது. வரும்போது சும்மா வருமா? 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது சுற்றுப்புறத்து விவசாயக் கிணறுகளின் தண்ணீர் லாரி லாரியாகப் பட்டணத்துக்குப் போனதைப் பார்த்தீர்கள். நெல் விளைந்த வயலில் இன்று வரிசையாக வெள்ளைக் கல் நட்டு, "வாஸ்துப்படி மனை" என்று கொடி கட்டியிருக்கிறார்கள்.

இந்த ஜில்லாவில் நிலத்துக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1891-ல் இங்கே கலெக்டராயிருந்த டிரமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர், தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமில்லாததால் படும் கொடுமைகளை எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பினார். அதன் பயனாக 1892-ல் அவர்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவாயிற்று. அதுதான் பஞ்சமி நிலம். முதல் 10 வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது; பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்கள் எத்தனையோ கைமாறிவிட்டன. 1994-ல் இந்த ஜில்லாக் காரணையில் அதை மீட்கப் போராடியபோது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் உயிரை விட்டார்கள். பட்டணம் நெருங்க நெருங்க ஏக்கர் கணக்கு சதுரஅடிக் கணக்காகிறது. விலை ஏறும்போது கொழுக்கிறவன் ஒருவன். 1892-ல் யாருக்காக நிலம் ஒதுக்கினார்களோ அவர்களுடைய பேரப் பிள்ளை அதே மனையில் காவற்காரனாக நிற்கிறான். இது என்ன நியாயம்?

இங்கே மனை வாங்க எண்ணியிருக்கும் தோழர்கள் பலர் இருப்பீர்கள். வாங்குங்கள். ஆனால் வாஸ்துக்காரனைக் கூப்பிடும் முன் தாலுகா ஆபீசுக்குப் போய் அந்தச் சர்வே நம்பருக்கு 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நிலம் முதலில் யாருக்கு, என்ன நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்று விசாரியுங்கள். பஞ்சமி நிலம் எதுவும் மனையாகியிருப்பது இங்குள்ள யாருக்காவது தெரிந்தால், ஊர் பெயரையும் சர்வே நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புங்கள். என்னைக் கேட்க வேண்டிய கேள்விகளையும் அப்படியே எழுதி அனுப்பலாம். ரயிலுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.