துவைத்தலும் துவாயும்

சாகாமம் குளக்கரையில் ஆடையைக் கல்லில் அறைந்து துவைக்கும் ஒருவருக்கு, சுவீடன் மக்கள் வழங்கும் ‘துவெத்தா’ என்னும் சொல் வியப்பளிக்கும். அதன் பொருளும் கழுவுதல், துவைத்தல் என்பதே. ஒலியும் பொருளும் ஒத்தமையால் இரண்டும் ஓரினம் எனத் துணியலாமோ? ஆகாது. தமிழில் துவைத்தல் என்பது அடித்தலும் இடித்தலுமாம். அதனாலேயே அம்மியில் நைவதும் துவையல் எனப்பட்டது. துவெத்தாவோ கழுவுதலைக் குறித்த பழைய செருமானிய வினையொன்றின் வழிவந்தது.

ஆயினும், அவ்வினையின் உண்மைச் சுற்றம் ஒன்று அதே குளக்கரையில் உண்டு. கழுவியபின் துடைக்கும் துணிக்கு அவ்வினையடியாய்ப் பிறந்த பெயர் போர்த்துக்கேய மொழியிற் புகுந்தது. 16 ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் வாயிலாகத் ‘துவாய்’ எனத் தமிழாயிற்று. கல்லில் நிகழும் வினை உறவன்று. தோளிற் கிடக்கும் துவாயே உறவு. சொல்லின் சுற்றத்தை ஒலியால் அன்று, அது நடந்து வந்த வழியால் அறிதல் வேண்டும்.