மூல ஓலை எங்கே?

(பட்டிமன்றத் தலைப்பு: கடன் அட்டையால் கடனாளி ஆனவரைப் பெரிதும் வாட்டுவது வட்டியா? அச்சமா? ‘அச்சமே’ என்ற அணியில் ஆற்றிய உரை.)

   

எனக்கு முன்னால பேசிய தம்பி வட்டிக் கணக்கை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். மாசம் 3.5 சதவீதம், வருஷத்துக்கு 42 சதவீதம். சரிதான். அதோடு விடாம இராவணனையும் கூப்பிட்டார். கடன் என்று மேடையில பேச்செடுத்தா இலங்கை வேந்தன் கலங்கிய கதை வராம இருக்குமா? “கம்பன் சொன்னான்”னு சொல்லிக் கைதட்டலும் வாங்கிட்டார். அய்யா, நான் 30 வருஷமாகக் கம்பனைப் பாடம் நடத்துகிறவன். அந்த வரி கம்பராமாயணத்தில் இல்லை! (சிரிப்பு) கம்பன் எழுதாததைக் கம்பன் தலையில் கட்டுகிறோம். அதே மாதிரிதான், சட்டத்தில் இல்லாத தண்டனையைச் சட்டத்தின் தலையில் கட்டிவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிறோம்.

என்ன தண்டனை? “நாளைக்கு வீட்டுக்குப் போலீஸ் வரும். உள்ள தூக்கி வைப்பாங்க.” போனில் இதைச் சொல்கிறவர் யாரு? நீதிபதியா? கமிஷனுக்கு வேலை பார்க்கிற வசூல் ஏஜெண்ட்!

கடன் அட்டைப் பாக்கி சிவில் விவகாரம். கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. பொய்யான சம்பளச் சான்று கொடுத்து, ஏமாற்றுவதற்கென்றே அட்டை வாங்கியவன் கதை வேறு. அவனுக்காக வாதாட நான் வரவில்லை. நம்ம மாதிரி ஆள் மீது வங்கி சிவில் கோர்ட்டுக்குப் போகலாம், ஒப்பந்தத்தில் இருந்தால் மத்தியஸ்தரிடம் போகலாம், டிகிரி வாங்கலாம். டிகிரிக்குப் பிறகு சிவில் சிறை என்று ஒன்று உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் என்ன தீர்ப்பு எழுதினார்? வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்ட மறுக்கிறவனுக்குத்தான் அந்தச் சிறை. இல்லாதவனை, இல்லை என்ற காரணத்துக்காக அடைப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவுக்கு விரோதம் என்றார்.

தாய்மார்களுக்கு ஒரு சேதி. சிவில் நடைமுறைச் சட்டம் 56-ஆவது பிரிவு. பணப் பாக்கி டிகிரிக்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கோர்ட்டாலும் முடியாது. (கைதட்டல்) உடனே வீட்டுக்கார அய்யாமார் எல்லாம் அட்டையை அம்மா பேருக்கு மாத்திடக் கூடாது! (சிரிப்பு)

“அண்டா குண்டாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களே?” போக மாட்டாங்க. அதே சட்டத்தின் 60-ஆவது பிரிவு, சமையல் பாத்திரம், படுக்கை, உடுதுணி, தச்சர் கொல்லர் கைக்கருவி, இதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகையையும் தொடக் கூடாது. நம்ம ஊர்ல அது தாலி! சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் குடும்பத்துக்கு. 1,000 ரூபாய்க்கு இன்னிக்கு என்ன வருதுன்னு கேக்காதீங்க, சட்டம் எழுதினவங்க சந்தைக்குப் போறதில்லை. பி.எஃப். பணத்திலும் கை வைக்க முடியாது.

இதெல்லாம் தெரியாததால் என்ன நடக்குதுன்னு சொல்றேன். என் பழைய மாணவர் ஒருத்தர், தனியார் பள்ளி ஆசிரியர். அட்டைப் பாக்கி 80,000. வாரம் ஒரு தபால் வரும். பிரிக்க மாட்டார். பரண்மேல் போட்டுவிடுவார். எட்டு மாசம்! ஒரு நாள் ஏஜெண்ட் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து நின்றுவிட்டார். மானம் போயிடும்னு பயந்த மனுஷன் அன்றைக்குச் சாயங்காலமே பத்து வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டினார். நூற்றுக்கு மாசம் 10 ரூபாய்! எதிரணித் தம்பி, கணக்குப் போடுங்க. வருஷத்துக்கு 120. 42-க்குப் பயந்து ஓடியவர் 120-ல் போய் விழுந்தார். விழத் தள்ளியது வட்டியா, அச்சமா?

கதை அதோடு முடியலை. வட்டிக்காரரிடம் கையெழுத்துப் போட்ட செக் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவு. அது குற்ற வழக்கு அய்யா! இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. அட்டைக் கடனுக்கு இல்லாத ஜெயிலை, ஜெயிலுக்குப் பயந்து அவரே விலை கொடுத்து வாங்கிட்டார். (நீண்ட கைதட்டல்)

அப்படி ஒருவர் வந்து வாசலில் நின்றால் என்ன செய்வது? சுந்தரர் செய்ததைச் செய்யுங்கள். புத்தூரில் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, “உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கு, நீ எனக்கு அடிமை” என்றார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்தார். கிழவர் விடலை. “அது படி ஓலை, மூல ஓலை பத்திரமா இருக்கு” என்றார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் என்ன செய்தார்கள்? மூல ஓலையை வாங்கி, பாட்டனார் கையெழுத்து வேறோர் ஓலையில் இருந்ததோடு ஒத்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்காட வந்தவர் சிவபெருமான்! அவரிடமே பத்திரம் கேட்டிருக்கிறது தமிழ்ச் சபை. ஏஜெண்டிடம் கேட்க நமக்கு என்ன தயக்கம்? (கைதட்டல்) எதிர்த்துப் பேசியதால் சுந்தரருக்கு வன்தொண்டர் என்ற பட்டமே கிடைத்தது.

அடையாள அட்டை எங்கே, வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் எங்கே, கணக்கு விவரம் எங்கே என்று கேளுங்கள். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது, நாலு பேர் நடுவில் அவமானப்படுத்தக் கூடாது, உறவுக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே எழுத்தில் போட்டிருக்கிறது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். கட்டணம் கிடையாது.

எதிரணிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி கொடுமைதான். ஆனால் அந்த வட்டிக்கு எட்டு மாசம் சோறு போட்டு வளர்த்தது யாரு? பரண்மேல் கிடந்த தபால்! முதல் மாசமே வங்கிக்குப் போயிருந்தால் தவணை கேட்டிருக்கலாம். குறைத்துக் கட்டி முடிக்கவும் பேசியிருக்கலாம். அப்படி முடித்தால் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், அடுத்த கடனுக்கு முட்டுக்கட்டைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். தபாலோடு தபாலாகக் கோர்ட் சம்மனும் பரணுக்குப் போனால் இன்னும் மோசம். நாம் போகாவிட்டால் எக்ஸ் பார்ட்டே டிகிரி. வங்கி சொன்ன கணக்குத்தான் கணக்கு. தப்பாகப் போட்ட வட்டியைக் கேட்க ஆள் இருக்காது.

(நடுவர் மணி அடிக்கிறார்.)

ஒரு நிமிஷம் அய்யா. அந்த மாணவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது, “நான் செத்துப்போனா இந்த அட்டைக் கடன் என் பையன் தலையில விழுமா சார்?” தந்தை கடனை மகன் தீர்ப்பது தர்மம் என்ற பழைய இந்து சட்டக் கடப்பாட்டை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. அப்பா விட்டுப்போன சொத்து பையன் கைக்கு வந்திருந்தால் அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் அவர், “வீட்ல போய்த் தபாலை எல்லாம் பிரிச்சுப் பாக்கறேன் சார்” என்று எழுந்து போனார்.