பெயரும் எண்ணும்



சிங்கப்பூரின் தேக்கா சந்தையை அறியாத தமிழர் அங்கே இல்லை. 1982ஆம் ஆண்டில் அச்சந்தை சிராங்கூன் சாலையின் எதிர்ப்புறத்திலுள்ள புதிய கட்டடத்திற்கு மாறியது. கட்டடத்திற்கு வேறு பெயரும் சூட்டினார்கள். மக்களோ தேக்கா என்றே சொல்லி வந்தனர். 2000ஆம் ஆண்டில் அப்பெயரே நிலைபெற்றது. இடம் மாறினாலும் பெயரைச் சொன்னால் ஆள் போய்ச் சேருகிறார்.

கணினி உலகிலும் இவ்வாறே. கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. நாமோ பெயரால் அழைக்கிறோம். பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடே டி.என்.எஸ். எனப்படும் களப்பெயர் முறை. இதனை 1983இல் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்கர். அதற்கு முன் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. 2011 முதல் இம்முறையின் உச்சிப் பட்டியலில் 'சிங்கப்பூர்' என்ற சொல் தமிழ் எழுத்திலேயே இடம் பெற்றிருக்கிறது.

ஜோகூர்த் தோட்டப் பள்ளியில் கற்பிக்கும் நாங்கள், வார இறுதியில் பாலம் கடந்து, லிட்டில் இந்தியாவில் தொழிலாளர்களுக்குக் கணினி வகுப்பு நடத்தி வந்தோம். ஓர் இரவு, தொழிலாளத் தோழர் ஒருவர் தம் மகளின் கல்லூரி விண்ணப்பத்தைப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பவேண்டியிருந்தது. எங்கள் லினக்ஸ் கணினியில் மற்ற பக்கங்கள் திறந்தன. கல்லூரிப் பக்கம் மட்டும் திறக்கவில்லை.

இத்தகைய வேளையில் செய்ய வேண்டுவன யாவை?

முதலாவது, 'பிங்' கட்டளையால் 8.8.8.8 போன்ற ஓர் எண்ணை அழைத்துப் பார்க்க வேண்டும். பதில் வந்தால் இணைப்பு நலம். குறை பெயர் தேடலில் இருக்கலாம். இரண்டாவது, 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பில் எந்தப் பெயர்ச் சேவையகம் குறிக்கப்பட்டுள்ளது எனக் காண வேண்டும். இக்காலக் கணினிகள் பலவற்றில் இக்கோப்பை இயங்குதளமே எழுதுகிறது. நாம் கையால் திருத்தியது நிலைக்காது. திருத்தத்தைப் பிணைய அமைப்பிலேயே செய்வது நன்று. மூன்றாவது, 'டிக்' கட்டளையால் வெளியிலுள்ள வேறொரு சேவையகத்திடம் அதே பெயரைக் கேட்க வேண்டும்.

நாங்கள் கேட்டோம். 'டிக்' ஓர் எண்ணைத் தந்தது. 'பிங்' வேறோர் எண்ணை நாடியது. அப்போதுதான் 'ஹோஸ்ட்ஸ்' கோப்பு நினைவுக்கு வந்தது. பழைய முறையின் எச்சமான அக்கோப்பைத்தான் கணினி வழக்கமாக முதலில் பார்க்கும். திறந்தோம். சென்ற ஆண்டு பழுது நேர்ந்தபோது தற்காலிகமாக நாங்களே எழுதி வைத்த வரி அங்கே இருந்தது! கல்லூரியின் எண் மாறிவிட்டது. எங்கள் வரி மாறவில்லை. குறை எங்களுடையதே. வரியை நீக்கினோம், பக்கம் திறந்தது. பதினொன்றே முக்கால் மணிக்கு விண்ணப்பம் சென்றது.

ஆகவே நேயர்களே, தற்காலிகத் திருத்தம் எதனைச் செய்தாலும், அதனருகே நாளையும் காரணத்தையும் குறித்து வையுங்கள். நாம் மறந்துவிடுவோம், கணினி மறக்காது.