கம்ப்யூட்டர் ‘இல்லை’ன்னு சொன்னா உடனே நம்பிடாதீங்க

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்ல என் தப்பு ஒண்ணைச் சொல்லிடறேன்.

மலைக் கிராமத்துப் பெரியவர் ஒருத்தர், தன் நிலத்தோட சர்வே எண் பழைய பதிவு எதுலயாவது இருக்கான்னு தேடித் தரச் சொன்னார். என்கிட்ட ஒரு ஃபோல்டர் நிறைய ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் இருந்தது. தேடல் கட்டத்துல எண்ணைப் போட்டேன். ஒண்ணும் வரலை. “இல்லீங்க ஐயா”ன்னு சொல்லி அனுப்பிட்டேன். மூணாம் நாள் அவரோட பேரன் போன்லயே பக்கம் பக்கமாத் தள்ளிப் பார்த்துக் கண்டுபிடிச்சுட்டான். காகிதம் அங்கேயேதான் இருந்தது. ‘இல்லை’ன்னு சொன்னது நான்தான்.

இந்த மலையில் அது சின்ன விஷயம் இல்லை. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 13.12.2005-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்து வருவதைக் காட்ட வேண்டும். மனுவோடு குறைந்தது இரண்டு சான்றாவது வைக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் எழுத்தில் தரும் வாக்குமூலமும் அதில் ஒரு சான்றுதான். ஆனால் இன்னொன்று? சர்வே பதிவு, வனத்துறைத் திட்ட அறிக்கை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வரைபடம் என்று பழைய காகிதங்களில்தான் தேட வேண்டியிருக்கும். ஆயிரம் பக்கத்தில் ஒரு வரி.

அந்த வரியைத் தேட, காசு செலவில்லாத ஒரு வழி இருக்கு. யார்கிட்டயாவது ஓரமா ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடந்தா போதும். அதில் உபுண்டு சர்வர் போடலாம், இலவசம்தான். 2024 ஏப்ரலில் வந்த 24.04 பதிப்புக்கு ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் உண்டு. திறந்தால் படம், ஐகான் எதுவும் இருக்காது. கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கும். பயப்படாதீங்க, கட்டளையைத் தட்டினா வேலை நடக்கும். ஒரே வைஃபையில் இருந்தால் உங்க போனிலிருந்தே எஸ்எஸ்ஹெச் ஆப் வழியா அதற்குள் போகலாம்.

இரண்டே வரிதான். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. முதல் வரி ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. அடுத்தது ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பிடிஎஃப்கிரெப்’. பாஸ்வேர்ட் கேட்கும், தட்டும்போது திரையில் ஒண்ணும் தெரியாது, அது அப்படித்தான். பேக்கேஜ் கிடைக்கலைன்னு வந்தா ‘யுனிவர்ஸ்’ தொகுப்பு திறந்திருக்கான்னு பாருங்க. நெட் இந்த நேரத்துக்கு மட்டும்தான் வேணும். அப்புறம் மலையில் சிக்னல் இல்லாட்டியும் தேடல் ஓடும். நமக்கு இதைவிட என்ன வேணும்?

‘கிரெப்’ங்கிறது புதுசு இல்லை. 1973-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் வெளியிட்டது. சக ஊழியர் ஒருத்தர் பழைய அரசியல் கட்டுரைகளை யார் எழுதினாங்கன்னு ஆராய, அந்தப் பெரிய கோப்புகளுக்குள் தேட வழி கேட்டிருக்கார். அதாவது பழைய ஆவணத்தில் தேடத்தான் அது பிறந்ததே.

தேடும்போது ‘பிடிஎஃப்கிரெப்’ என்று எழுதி, ஒரு இடைவெளி விட்டு ‘-ஆர்’ சேர்த்தால் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபோல்டரையும் பார்க்கும். ‘-என்’ சேர்த்தால் பக்க எண்ணைச் சொல்லும். பிறகு மேற்கோள் குறிக்குள் தேடும் சொல், கடைசியில் ஃபோல்டர் பெயர்.

இனிமேதான் நம்ம சிக்கல். ஸ்கேன் பிடிஎஃப் என்பது வெறும் போட்டோ. அதில் எழுத்தே இல்லை, கிரெப் எதைத் தேடும்? நான் விழுந்த குழி இதுதான். அதற்கு ‘ஓசிஆர்மைபிடிஎஃப்’, அதோடு தமிழுக்கான ‘டெசராக்ட்-ஓசிஆர்-டேம்’ இரண்டையும் அதே மாதிரி ஆப்ட்டில் நிறுவி, மொழி ‘டேம்+இங்’ என்று கொடுத்து ஓட்டணும். படத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒண்ணு ஏறும். பழைய கம்ப்யூட்டரில் மெதுவாத்தான் போகும். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்குங்க. கையெழுத்தை இது படிக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான ‘லை’, ‘ணை’ எல்லாம் துதிக்கை வைத்த பழைய வடிவம், அங்கேயும் தடுமாறும்.

இன்னொரு வகை உண்டு. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவிப்பதற்கு முன் வானவில் மாதிரி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே கம்ப்யூட்டருக்கு வேறு ஏதோ கிறுக்கல். தேடினா பூஜ்யம்தான். அதையும் படமா நினைச்சு ஓசிஆர் போடறதே சுலபம்.

தமிழில் முழுச் சொல்லைத் தேடாதீங்க. ‘நிலம்’னு போட்டா ‘நிலத்தை’ சிக்காது, ‘நில’ன்னு போடுங்க. ஊர்ப் பெயரும் ஒரே மாதிரி இருக்காது. ஜவ்வாது, சவ்வாது இரண்டும் எழுதியிருப்பாங்க. சதுர அடைப்புக்குள் ‘ஜச’ன்னு போட்டு, வெளியே ‘வ்வாது’ன்னு தொடர்ந்தா இரண்டுமே விழும். கொம்பு, ஒற்றைக்கொம்பு உள்ள எழுத்துகள் பிடிஎஃப்பில் அடிக்கடி இடம் மாறிப் போகும். அதனால் சர்வே எண்ணை வைத்துத் தேடறது நம்பகம். இத்தனைக்கும் பிறகும் வரலைன்னா, அந்தப் பேரன் செய்த மாதிரி பக்கம் பக்கமாப் பாருங்க. பார்த்த பிறகுதான் ஒரு பெரியவர்கிட்ட ‘இல்லை’ங்கணும்.

சரி, கம்ப்யூட்டர் தயாரா இருக்கு. யார் போன்லயாவது பழைய ஸ்கேன் இருந்தா அனுப்புங்க, இங்கேயே போட்டுப் பார்ப்போம். ஆதார், பாஸ்புக் மட்டும் வேண்டாம்ங்க.