ஜோக்குன்னு நினைச்ச கேம்

இன்னைக்கு நாம பேசப்போறது 'ஃபார் க்ரை 3: பிளட் டிராகன்'. 2013 ஏப்ரல் 1 வாக்குல இதோட செய்தி வந்தப்போ, முட்டாள்கள் தின விளையாட்டுன்னுதான் நிறைய பேர் நினைச்சாங்க. மே 1-ல நிஜமாவே கேம் வந்துடுச்சு.

ஃபார் க்ரை 3 சீரியஸான கதை. அதோட கிளையா வந்த இதுல ஹீரோ பாதி மனுஷன், பாதி மெஷின். டிராகன் கண்ணுல லேசர் விடும். 1980-கள்ல வந்த ஆக்‌ஷன் படங்களை வெச்சு முழுநீள கலாய். ஹீரோவுக்குக் குரல், 1984 'டெர்மினேட்டர்'ல நடிச்ச அதே மைக்கேல் பீன். எப்படி நடக்கணும்னு கேம் பாடம் எடுத்தா, ஹீரோவே கடுப்பாயிடுவான். 2010-ல நம்ம 'தமிழ்ப் படம்' பண்ணினதும் இதானே? அந்தப் படங்களை உயிரா பார்த்தவங்களாலதான் இப்படிக் கலாய்க்க முடியும்.

இன்ஜினியரா எனக்குப் பிடிச்சது வேற. இன்ஜின் புதுசு இல்ல, ஃபார் க்ரை 3-ல இருந்ததேதான். தீவு, நிறம், கதைன்னு மேல இருக்கறதைத்தான் மாத்தினாங்க.

வில்லியனூர்லயோ பாகூர்லயோ லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு, "எல்லாத்தையும் முதல்லேர்ந்து எழுதணுமே"ன்னு மலைச்சு உட்கார்ந்திருக்கற தம்பி, தங்கச்சிங்களுக்குச் சொல்றேன். கோடோ இன்ஜின் இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதை எடுத்துக்கோங்க. பாகூர் ஏரியில லேசர் விடுற கொக்கை மட்டும் நீங்க எழுதுங்க. அதை உங்களைத் தவிர வேற யாரும் எழுத மாட்டாங்க.